ஹாங்காங் முதலாண்டு மாணவரைச் சீனமொழி ஆய்வுக்கட்டுரைக்குப் பழக்குவது எப்படி

ஹாங்காங்கில் பள்ளி இறுதித் தேர்வின் சீனமொழித் தாளில் நன்றாக எழுதிய பிள்ளைகளே பல்கலைக்கழகத்தின் முதல் ஆய்வுக்கட்டுரையில் தடுமாறுகிறார்கள். அவர்களுக்கு மொழி வரும். பள்ளியில் கற்ற தொழில்தான் வேறு. கொடுத்த தலைப்புக்கு, கையில் எந்த நூலும் இல்லாமல், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே மனத்தில் உள்ளதை அழகாகக் கோக்கும் தொழில் அது. பல்கலைக்கழகமோ மூன்று கேள்வி கேட்கிறது: இதை யார் சொன்னார்? நீ எதை வைத்துச் சொல்கிறாய்? நீ சொல்வது எதுவரை செல்லும்?

இந்தக் கேள்விகளைச் சந்தித்தே இராத பிள்ளையிடம் வாக்கியத்தைத் திருத்துவதில் தொடங்கும் ஆசிரியர் ஒரு செமஸ்டரையே இழந்துவிடுவார். முதலில் மாற வேண்டியது விஷயம் வரும் இடம். அடுத்து பத்தி, அதற்கடுத்து வாக்கியம், கடைசியில் நிறுத்தற்குறியும் அடிக்குறிப்பும். கீழே உள்ளவையும் அந்த வரிசையிலேயே செல்கின்றன. 13 வார செமஸ்டர், அதன் முடிவில் சுமார் 2000 சீன எழுத்து அளவில் ஒரு கட்டுரை என்பது கணக்கு. சீனச் சொற்களை, ஹாங்காங்கின் பேச்சுமொழியான கண்டோனிய ஒலிப்பில் தந்திருக்கிறோம்.

பள்ளி கொடுத்து அனுப்பியது

இப்போதைய பள்ளி இறுதித் தேர்வு 2012-இல் முதல்முறை நடந்தது. 2023 வரை அதன் எழுத்துத் தாளுக்கு 90 நிமிடம். 650 எழுத்துக்குக் குறையாத ஒரு கட்டுரை. திருத்துபவர் முதலில் தேடுவது 'லப்யீ', அதாவது கட்டுரை தொடும் கருத்தின் உயரம். அதன்பின் எடுத்துக்காட்டுகள், கட்டமைப்பு, நடை. மேற்கோள் காட்டிய நூலின் பக்க எண்ணை யாரும் கேட்பதில்லை, கேட்கவும் முடியாது.

எனவே பிள்ளைகள் சில எடுத்துக்காட்டுகளை மனப்பாடமாகக் கொண்டு போகிறார்கள். ஆற்றில் மூழ்கிய கவி சூ யுவான், தண்டனையின் அவமானத்தைத் தாங்கி வரலாற்றை எழுதி முடித்த ஸிமா சியான், தொலைவூர்களுக்குத் துரத்தப்பட்டும் கலங்காத ஸு ஷி, தோல்விக்கு அஞ்சாத எடிசன். விடாமுயற்சி, நேர்மை, தனிமை என்று எந்தத் தலைப்புக்கும் இவர்களில் ஒருவர் பொருந்துவார். அங்கேதான் சிக்கல். எல்லாக் கூற்றுக்கும் பொருந்துகிற எடுத்துக்காட்டு எந்தக் கூற்றையும் நிறுவாது. முதல் வாரத்திலேயே இதை நேராகச் சொல்லிவிடுங்கள். 'அது தவறு' என்று மட்டும் சொல்லாதீர்கள். ஆறு வருட உழைப்பை இகழ்ந்ததுபோல் ஆகிவிடும். அந்த எடுத்துக்காட்டு வாசகர் மனத்தைத் தொட உதவியது, இங்கே வாசகர் சரிபார்க்க வருகிறார் என்று விளக்கினால் புரிந்துகொள்வார்கள்.

பழைய தேர்வில் கேட்டலையும் தொகுப்புத் திறனையும் சேர்த்துச் சோதித்த ஒரு தாள் இருந்தது. ஒலிப்பதிவைக் கேட்டு, கொடுத்த ஆவணங்களைப் படித்து, தேவையானதை எடுத்துக் கோத்து, தன் நிலைப்பாட்டுக்குக் காரணம் சொல்லி ஒரு கடிதமோ முன்மொழிவோ எழுத வேண்டும். ஆய்வுக்கட்டுரைக்கு மிக அருகில் இருந்த பயிற்சி அதுதான். 2024 முதல் அது தனித் தாளாக இல்லை; பேச்சுத் தாளும் போய்விட்டது. எழுத்துத் தாளுக்குள் நடைமுறை எழுத்து என்ற பகுதி வந்திருக்கிறது. உங்கள் மாணவர் இவற்றில் எதை எழுதி வந்தவர் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, 'அங்கே ஆவணத்திலிருந்து எடுத்துக் கோத்தாயே, அதையேதான் இங்கும் செய்யப்போகிறாய். எங்கிருந்து எடுத்தாய் என்று சொல்வது மட்டும் புதிது' என்று தொடங்குங்கள். தெரிந்த கரையிலிருந்து கிளம்பினால் பயம் பாதியாகும்.

முதல் வாரம்: மூன்று வண்ணச் சோதனை

ஒரு பக்க அளவில் செய்திக் கட்டுரை ஒன்று, சிறிய புள்ளிவிவர அட்டவணை ஒன்று கொடுங்கள். 40 நிமிடம், 300 எழுத்து. 'இவ்விரண்டையும் வைத்து உன் கருத்தைச் சொல்' என்பது போதும்.

திருத்தும்போது இலக்கணத்தைத் தொடாதீர்கள். மூன்று வண்ணப் பென்சில் எடுங்கள். கொடுத்த மூலத்திலிருந்து வந்த வாக்கியத்துக்குப் பச்சை. மூலத்திலிருந்து மாணவர் தாமே வருவித்த முடிவுக்கு நீலம். இரண்டும் இல்லாத அலங்காரம், அறிவுரை, பொது உண்மைக்குச் சிவப்பு. பெரும்பாலான தாள்கள் சிவப்பில் தொடங்கிச் சிவப்பில் முடியும். தொடக்கத்தில் 'ஜிகூ யீலொய்' (பண்டைக்காலம் தொட்டு), முடிவில் 'நாம் எல்லோரும் கைகோப்போம்'. நடுவில் பச்சை திட்டுத்திட்டாக இருக்கும். நீலம் இருக்காது.

அந்த நீலம்தான் நீங்கள் 13 வாரத்தில் வளர்க்க வேண்டியது. தாளைத் திருப்பிக் கொடுத்து, அடுத்த தாளை மாணவரே வண்ணமிடச் சொல்லுங்கள். இரண்டாம் முறையே தொடக்கச் சிவப்பு தானாகக் குறையும்.

கேள்வியைச் சுருக்குதல்

'சூழலைக் காப்போம்' என்பது பள்ளித் தலைப்பு. அதை ஆய்வுக் கேள்வியாக்க நான்கு சல்லடை போதும்: எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, எந்த இடம், யார், எதோடு ஒப்பிட்டு. ஹாங்காங் மாணவருக்குப் பழக்க நல்ல பொருள் அங்குள்ள ப்ளாஸ்டிக் பைக் கட்டணம். எல்லோரும் கடையில் பார்த்தது, தேதிகள் தெளிவானவை, அரசு ஆவணங்கள் சீனத்திலேயே கிடைக்கும்.

2009 ஜூலை 7 அன்று பைக்கு 50 செண்டு என்று தொடங்கியது. அப்போது பேரங்காடி, வசதிக்கடை, உடல்நல-அழகுப்பொருள் கடைச் சங்கிலிகளுக்கு மட்டும். 2015 ஏப்ரல் 1 முதல் சில்லறை வணிகம் முழுவதற்கும் விரிந்தது. 2022 டிசம்பர் 31 அன்று குறைந்தபட்சத் தொகை 1 டாலர் ஆனது. இந்த மூன்று தேதியைப் பலகையில் எழுதிவிட்டு, 'இரண்டு தேதிக்கு நடுவே என்ன மாறியது, என்ன மாறவில்லை?' என்று கேளுங்கள். 2009-க்கும் 2015-க்கும் இடையே பரப்பு மாறியது, தொகை மாறவில்லை. 2015-க்கும் 2022-க்கும் இடையே தொகை உயர்ந்தது, விலக்குகளும் இறுகின. ஒப்பிடுவதற்கு இதைவிட நல்ல பிடி கிடைக்காது.

இதிலேயே கலைச்சொல் பாடமும் இருக்கிறது. முதல் கட்டத்தின் அதிகாரப்பூர்வப் பெயரில் 'ஜிங்ஃபாய்' என்ற சொல் இருந்தது: அரசு விதிக்கும் தீர்வை. கடைக்காரர் வசூலித்து அரசுக்குச் செலுத்தினார். 2015 முதல் பெயர் 'சௌஃபாய்', அதாவது கட்டணம். பணம் கடைக்காரரிடமே நிற்கிறது. மாணவர் இரண்டு சொல்லையும் மாற்றி மாற்றி எழுதுவார், ஏனென்றால் ஒரே சொல்லைத் திரும்ப எழுதாதே என்று பள்ளியில் சொல்லித் தந்திருக்கிறார்கள். ஆய்வுக்கட்டுரையில் சொல் மாறினால் பொருள் மாறியதாகவே வாசகர் எடுத்துக்கொள்வார். ஒரு கருத்துக்கு ஒரு சொல், கட்டுரை முழுக்க அதே சொல். பள்ளி நடைக்கு நேர் எதிரான விதி இது. ஆகவே பலமுறை சொல்ல வேண்டியிருக்கும்.

கேள்வி சரியா என்று பார்க்க ஒரு சோதனை: விடை 'இல்லை' என்றும் வரலாமா? 'சூழலைக் காக்க வேண்டுமா?' என்ற கேள்விக்கு யாரும் இல்லை என்று சொல்லப்போவதில்லை. 'பரப்பு விரிந்த பின் சிறு கடைகளில் பை கொடுக்கும் வழக்கம் மாறியதா?' என்ற கேள்விக்கு இரண்டு விடையும் வரலாம். மூன்றாம் வார முடிவில் ஒவ்வொருவர் கையிலும் இப்படி ஒரு கேள்வி, 40 எழுத்துக்குள், இருக்க வேண்டும். அதுவரை நூலகத்துக்கு அனுப்பாதீர்கள். அகன்ற கேள்வியோடு போனால் அகன்ற குப்பையோடு திரும்புவார்கள்.

மூலங்களும் குறிப்பட்டையும்

2000 எழுத்துக் கட்டுரைக்கு 5 அல்லது 6 மூலம் போதும். அவற்றில் குறைந்தது 2 ஆய்விதழ்க் கட்டுரை, 1 அரசு அல்லது சட்டமன்ற ஆவணம். செய்தித்தாள் 1 அல்லது 2. சீனப் பெருநில ஆய்விதழ்களுக்கு சிஎன்கேஐ, தைவான் ஆய்விதழ்களுக்கு ஏரிட்டி, ஹாங்காங் நாளிதழ்களுக்கு வைஸ்நியூஸ் ஆகிய இணையத் தரவுத்தளங்கள் உண்டு. நூல் தம் நூலகத்தில் இல்லையென்றால் அரசு நிதியுதவி பெறும் 8 பல்கலைக்கழக நூலகங்களுக்கு இடையிலான இரவல் வசதி இருக்கிறது. முதலாண்டில் இதை அறிந்தவர் குறைவு. பைடு என்ற சீன இணையக் கலைக்களஞ்சியத்தில் தொடங்குவதைத் தடுக்க வேண்டாம். அதில் முடிப்பதைத் தடுத்தால் போதும்.

ஒரு மூலத்துக்கு ஓர் அட்டை, அதில் நான்கு கட்டம். முதல் கட்டத்தில் ஆசிரியர், தலைப்பு, இதழ், ஆண்டு, பக்கம். இரண்டாவதில் மூலத்தின் ஒரே ஒரு வாக்கியம், அப்படியே, மேற்கோள் குறிக்குள். மூன்றாவதில் அந்த மூலத்தின் வாதம் மாணவரின் சொல்லில் 60 எழுத்துக்குள். நான்காவதில் 'என் கேள்விக்கு இது எங்கே உதவும், எங்கே உதவாது'. மூன்றாம் கட்டத்தை மூலத்தை மூடிவைத்துவிட்டு எழுத வேண்டும். திறந்துவைத்துக்கொண்டு எழுதினால் சொல்லை மட்டும் மாற்றி வாக்கியத்தின் எலும்பை அப்படியே எடுத்துவிடுவார்கள். அதைத் திருட்டு என்று சொன்னால் அழுதுவிடுவார்கள். அவர்கள் அறிந்து செய்ததில்லை, ஆனாலும் அது திருட்டுதான்.

இன்னொரு குழியும் உண்டு. ஹாங்காங் பல்கலைக்கழகங்களில் பல பாடங்கள் ஆங்கிலத்தில்தான் நடக்கின்றன. மாணவர் ஆங்கில ஆய்விதழைப் படித்து, அதைச் சீனத்தில் மொழிபெயர்த்துக் கட்டுரையில் வைப்பார். மொழிபெயர்த்ததால் அது தம்முடையது என்று உண்மையாகவே நம்புவார். மொழி மாறினாலும் கருத்து அந்த ஆசிரியருடையது, அடிக்குறிப்பு வேண்டும் என்பதை அட்டை நிரப்பும் வாரத்திலேயே சொல்லுங்கள். சீன நகலைச் சோதிக்க டர்னிடின், ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகத்தில் உருவான வெரிகைட் போன்றவை பயன்பாட்டில் உள்ளன. மென்பொருள் பிடிக்கிறதோ இல்லையோ, மொழிபெயர்ப்பு வாசனை வாக்கியத்தில் தெரிந்துவிடும். அதைப் பின்னால் பார்ப்போம்.

அட்டைகளையும் கட்டுரையோடு வாங்கி வையுங்கள். செயற்கை நுண்ணறிவுக் கருவி எழுதித் தந்ததா என்ற ஐயத்தை நகல்சோதனையைவிட இந்த ஐந்தாறு அட்டைகள் நன்றாகத் தீர்க்கும். மூலத்தை மூடிவைத்து எழுதியவர் அட்டையில் உள்ளதைப் பேசிக்காட்டுவார்.

பத்தி

ஏழாம், எட்டாம் வாரம் பத்திக்கு மட்டும். ஒரு பத்தி 200 முதல் 250 எழுத்து. உள்ளே நான்கு வேலை நடக்க வேண்டும்: கூற்று, சான்று, அந்தச் சான்றை மாணவர் எப்படிப் படிக்கிறார், அந்த வாசிப்பு எங்கே நின்றுவிடுகிறது. கடைசி இரண்டுதான் மூன்று வண்ணச் சோதனையின் நீலம்.

பள்ளிப் பழக்கத்தில் வரும் பத்தி இப்படி இருக்கும்: 'ப்ளாஸ்டிக் பை பூமியை அழிக்கிறது என்பது யாவரும் அறிந்ததே. மலை அழுகிறது, கடல் அழுகிறது, பறவை அழுகிறது. மூன்றடிப் பனி ஒரே நாளில் உறைந்ததன்று என்றார்கள் முன்னோர். ஆகவே அரசு கட்டணத்தை விரிவாக்கியது முற்றிலும் சரி.'

அதே விஷயம் ஆய்வுக்கட்டுரையில்: '2009-இல் தொடங்கிய முதல் கட்டத்தில் வசூலான தொகை அரசுக்குச் சென்றது, 2015 முதல் அது கடைக்காரரிடமே நிற்கிறது. பைக்கு 50 செண்டு என்ற தொகை இரு கட்டத்திலும் ஒன்றே. எனவே இரு கட்டங்களுக்கு இடையே வாடிக்கையாளர் நடத்தையில் வேறுபாடு தென்பட்டால் விலை மட்டுமே அதை விளக்காது. கடைக்காரருக்குக் கிடைக்கும் வருவாயும் திட்டத்தின் பரப்பும் சேர்த்துப் பார்க்கப்பட வேண்டும். இவ்விரண்டும் ஒரே நாளில் மாறியதால், எது எவ்வளவு பங்காற்றியது என்பதை இந்த ஒப்பீடு மட்டும் பிரித்துக் காட்டாது.'

இரண்டையும் அருகருகே ஒட்டி, இரண்டாவதில் கடைசி வாக்கியம் ஏன் இருக்கிறது என்று கேளுங்கள். 'தன் வாதத்தையே பலவீனமாக்குகிறதே?' என்பார்கள். பள்ளியில் எதிர்த்தரப்பை ஒரு பத்தி சொல்லி உடனே அடித்து வீழ்த்துவது வழக்கம். இங்கே எல்லையைத் தாமே சொல்பவரைத்தான் வாசகர் நம்புகிறார் என்று புரியவைக்க ஒரு முழு வகுப்பு ஆனாலும் செலவிடுங்கள். மற்ற எல்லாவற்றையும் விட இது அதிகக் காலம் நிலைக்கும்.

முன்னாய்வு பற்றிய பகுதியில் வேறு வகைச் சிக்கல் வரும். 'இவர் இப்படிச் சொன்னார். அவர் அப்படிச் சொன்னார். மற்றவர் வேறு சொன்னார்' என்று மூலத்துக்கு ஒரு பத்தியாக அடுக்கிவிடுவார்கள். ஒரு பெரிய தாளில் கட்டம் வரையச் சொல்லுங்கள். கிடை வரிசையில் மூலங்கள், மேலே நெடுக்கில் மூன்று துணைக் கேள்விகள். அட்டையிலிருந்து கட்டத்தை நிரப்பியதும், கட்டுரையை நெடுக்கு வாரியாக எழுத வேண்டும்: முதல் துணைக் கேள்வியில் யார் யார் ஒத்துப்போகிறார்கள், யார் விலகுகிறார், ஏன். காலியாக நிற்கும் கட்டங்கள்தான் மாணவர் நுழைய வேண்டிய வாசல். இந்தத் தாள் ஆறாம் வாரத்திலேயே தயாராக இருந்தால் பத்தி எழுதுவது எளிது.

மூலத்தை அறிமுகப்படுத்தும் வினைச்சொல்லும் இங்கேயே பழக வேண்டும். பள்ளியிலிருந்து வருபவருக்கு ஒரே சொல்தான் தெரியும். 'ஜீசொட்' (சுட்டிக்காட்டுகிறார்) என்றால் சொன்னதை மாணவரும் ஏற்கிறார் என்று பொருள். 'யிங்வாய்' (கருதுகிறார்) நடுநிலை. 'ஜூஜெங்' (வலியுறுத்துகிறார்) என்றால் அது ஒரு நிலைப்பாடு. 'ஸிங்சிங்' (என்று சொல்லிக்கொள்கிறார்) எழுதினால் மாணவர் அதை ஐயுறுகிறார். அட்டவணைக்கும் புள்ளிவிவரத்துக்கும் 'ஹின்ஸீ' (காட்டுகிறது). அரசு அறிக்கையின் ஒவ்வொரு வரிக்கும் 'ஜீசொட்' போட்டு எழுதிய மாணவர், அடுத்த பத்தியில் அதே அறிக்கையை மறுத்தால் கட்டுரை தன்னோடு தானே சண்டை போடும்.

வாக்கியம்: காது கைவிடும் இடம்

ஹாங்காங்கில் பத்தில் கிட்டத்தட்ட ஒன்பது பேர் வழக்கமாகப் பேசுவது கண்டோனியம். எழுதுவது பொதுச்சீனத்தை (மாண்டரின்) அடிப்படையாகக் கொண்ட எழுத்து வழக்கு, 'ஸ்யூமின்யூ'. 'வந்துட்டாங்க' என்று பேசி 'வந்துவிட்டார்கள்' என்று எழுதும் நமக்கு இந்த இரட்டை வாழ்க்கையை விளக்கத் தேவையில்லை. வெளிப்படையான கண்டோனியச் சொற்களை மாணவர் தாமே தவிர்த்துவிடுவார்: 'கொய்' என்பதற்கு 'தா' (அவர்), 'ம்' என்பதற்கு 'பட்' (இல்லை), 'கே' என்பதற்கு 'திக்' (உடைய). பள்ளி இதை நன்றாகவே சொல்லித் தருகிறது.

மறைந்திருக்கும் கண்டோனியம்தான் கடினம். சொல்லெல்லாம் எழுத்து வழக்கு, வரிசை மட்டும் பேச்சு. மூன்று இடத்தில் அடிக்கடி வரும். ஒப்பீட்டில், 'பெய்' என்ற சொல்லை முன்னால் வைத்து 'அதைவிட உயரம்' என்று எழுத வேண்டிய இடத்தில், பண்புச்சொல்லுக்குப் பின்னால் 'குவோ' ஒட்டி எழுதுவார்கள். 'முதலில்' என்ற பொருளுள்ள 'ஸின்' எழுத்து வழக்கில் வினைக்கு முன் வரும். பேச்சில் பின்னால் வரும். கொடுத்தல் வினையில் பெறுபவர் முன்னே, பொருள் பின்னே என்பது எழுத்து வழக்கு. பேச்சில் பொருள் முன்னே வந்துவிடும்.

'உரக்கப் படித்துப் பார், தவறு தெரியும்' என்ற வழக்கமான அறிவுரை இங்கே உதவாது. எழுத்து வழக்கையும் அவர்கள் கண்டோனிய ஒலிப்பில்தான் படிக்கிறார்கள். பேச்சு வரிசை காதுக்கு இயல்பாகவே ஒலிக்கும். ஆகவே கண்ணால் தேட வேண்டும். கணினியில் தேடல் பெட்டியைத் திறந்து 'குவோ', 'ஸின்' எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தேடி, வந்த இடங்களில் மட்டும் வரிசையைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். கொடுத்தல் வினைக்கும் அப்படியே. பத்து நிமிட வேலை.

உரக்கப் படிப்பது வேறொரு நோய்க்கு மருந்து: ஆங்கில வாசனை. ஆங்கிலத்தில் படித்த விஷயத்தைச் சீனத்தில் எழுதும்போது வினைச்சொல் பெயராகி, அதைத் தூக்க இன்னொரு வெற்று வினை வந்து சேரும். 'ஆராய்ந்தது' என்பது 'ஆய்வை ஜொன்ஹங் செய்தது' ஆகும். 'முடிவெடுத்தது' என்பது 'முடிவை ஜொக்சொட் செய்தது' ஆகும். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் 'திக்' மேல் 'திக்' அடுக்கிய அடைமொழி ரயில் ஒன்று ஓடும். செயப்பாட்டு வினைக் குறியான 'பெய்' (ஒப்பீட்டுச் சொல் வேறு, இது வேறு, தொனியும் எழுத்தும் வேறு) தேவையில்லாத இடத்திலும் வரும். பன்மைக்கு 'மூன்' ஒட்டும். எல்லாப் பெயரின் வாலிலும் 'தன்மை', 'ஆக்கம்' தொங்கும். இப்படிப்பட்ட வாக்கியத்தை உரக்கப் படித்தால் மூச்சு வாங்கும். மூச்சு வாங்கிய இடத்தில் பென்சில் கோடு. ஒரு வாக்கியத்தில் மூன்று 'திக்' இருந்தால் இரண்டாக உடை. 'ஜொன்ஹங்' வந்த இடத்தில் அதை நீக்கி, பின்னால் நிற்கும் பெயரை வினையாக்கிப் பார். பெரும்பாலும் வாக்கியம் பிழைத்துக்கொள்ளும்.

நான்கெழுத்துத் தொடர்களை, 'ஸிங்யூ' என்பார்கள், முழுவதும் விலக்க வேண்டாம். சொல்லிக்கொண்டு வரும் பொருளைத் துல்லியமாகச் சுருக்கினால் இருக்கட்டும். அளவைப் பெரிதாக்கிக் காட்டுபவை மட்டும் போகட்டும்: 'எண்ணிலடங்கா', 'பேரழிவான' வகை. 'ஜுங்ஸோ ஜௌஜி' (யாவரும் அறிந்தபடி) என்ற தொடரை இந்தக் கட்டுரை அளவில் தடையே செய்துவிடுங்கள். யாவரும் அறிந்ததென்றால் எழுதத் தேவையில்லை. இல்லையென்றால் சான்று வேண்டும். 'ஐயமின்றி' வரும் இடத்தில் 'பெரும்பாலும்', 'ஓரளவு', 'இந்த ஆவணங்களின்படி' என்ற மூன்றில் எது உண்மை என்று கேளுங்கள்.

'நான்' என்பதற்குப் பதில் 'பூன்மன்' (இக்கட்டுரை) என்பது பொதுவான வழக்கம். 'பட்ஜே' (இதை எழுதுபவர்) என்பதும் உண்டு. துறைக்குத் துறை விருப்பம் மாறும். ஒரு கட்டுரைக்குள் ஒன்றையே பிடித்துக்கொள்ளட்டும். செவ்வியல் சீனத்தின் சிறுசொற்கள் எழுத்துக்கு இறுக்கம் தரும் என்பதற்காகச் சிலர் வரிக்கு வரி அவற்றைத் தூவுவார்கள். பத்திக்கு ஒன்றிரண்டுக்கு மேல் போனால் கல்வெட்டு வாசிப்பதுபோல் ஆகிவிடும்.

குறிகளும் அடிக்குறிப்பும்

சீனத்தில் காற்புள்ளியை நீட்டிக்கொண்டே போகலாம் என்று நினைத்து, பத்தி முழுக்கக் காற்புள்ளி போட்டுக் கடைசியில் ஒரே முற்றுப்புள்ளி வைப்பார்கள். எழுவாய் மாறினால் முற்றுப்புள்ளி என்ற ஒற்றை விதி பெரும்பாலான இடங்களில் போதும். பட்டியலில் சொற்களைப் பிரிக்கத் தனிக்குறி இருக்கிறது, 'தொன்ஹோ'. காற்புள்ளியும் அதுவும் ஒரே பட்டியலில் கலக்கக் கூடாது.

மேற்கோளுக்கு 「 」, அதன் உள்ளே வரும் மேற்கோளுக்கு 『 』. நூலின் பெயருக்கு 《 》, ஆய்விதழ்க் கட்டுரையின் பெயருக்கு 〈 〉. பெருநில வழக்கில் நூலுக்கும் கட்டுரைக்கும் 《 》 ஒன்றே. சிஎன்கேஐயிலிருந்து அப்படியே ஒட்டும்போது குறி கலந்துபோவது இதனால்தான். நூற்பெயருக்குச் சாய்வெழுத்து சீனத்தில் கிடையாது. ஆங்கில நூலுக்கு மட்டும் சாய்வெழுத்து.

கலைப்புலத் துறைகளில் பொதுவாகப் புழங்கும் அடிக்குறிப்பு வரிசை: ஆசிரியர் பெயர், முக்காற்புள்ளி, 《நூல்》, அடைப்புக்குள் ஊர், பதிப்பகம், ஆண்டு, பிறகு பக்கம். சீனப் பெயரில் குடும்பப்பெயர் ஏற்கெனவே முன்னால்தான் இருக்கிறது. ஆங்கில முறையைப் பார்த்து அதைத் திருப்பிக் காற்புள்ளி போடுவது முதலாண்டில் அடிக்கடி வரும் பிழை. நூற்பட்டியலில் சீன மூலங்கள் முதலில், ஆங்கிலம் பின்னால்; சீனப் பெயர்களை முதல் எழுத்தின் கோட்டு எண்ணிக்கைப்படியோ ஒலிப்பு வரிசைப்படியோ அடுக்கலாம். துறை வேறு முறை கேட்டால் அதுவே சட்டம்.

பெருநிலத்திலிருந்து வந்து படிக்கும் மாணவருக்கு ஒரு சொல். பெருநிலத்தின் சுருக்க எழுத்தில் எழுதி, ஹாங்காங்கில் புழங்கும் மரபெழுத்துக்கு மென்பொருளால் மாற்றினால் சில இடம் கெடும். சுருக்க முறையில் 'அரசி'க்கும் 'பின்'னுக்கும் ஒரே எழுத்து, மரபில் இரண்டு; 'தலைமுடி'யும் 'வெளிப்படுத்து'ம் அப்படியே; 'மாவு நூடுல்ஸ்', 'முகம்' இரண்டும் அப்படியே. மாற்றியபின் இவற்றைத் தேடிப் பார்க்காவிட்டால், பேரரசி 'பேரரசு-பின்' ஆகிவிடுவார்.

திருத்தும் முறை

ஒன்பதாம் வாரம் முதல் வரைவு. இதற்கு மதிப்பெண் வேண்டாம். கேள்வி, சான்று, நீல வாக்கியம் மட்டும் பாருங்கள். வாக்கியப் பிழை கண்ணில் பட்டாலும் கையை அடக்குங்கள். எப்படியும் பாதி வாக்கியம் அடுத்த வரைவில் இருக்காது. பத்தாம் வாரம் ஒவ்வொருவருக்கும் 15 நிமிட நேர்முகம்: முதல் 5 நிமிடம் மாணவர் தம் கேள்வியையும் விடையையும் கட்டுரையைப் பார்க்காமல் சொல்லட்டும். சொல்ல முடியவில்லையென்றால் சிக்கல் மொழியில் இல்லை, வாதத்தில் இருக்கிறது. அங்கேயே உட்கார்ந்து கட்டத் தாளை விரியுங்கள். பதினோராம் வாரம் வாக்கியத் தேடல், பன்னிரண்டில் அடிக்குறிப்பு. 13-இல் ஒப்படைப்பு.

மதிப்பெண்ணை முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவது நல்லது. 100-இல் சான்றுக்கும் வாதத்துக்கும் 60, மொழிக்கு 25, குறிப்புகளுக்கும் வடிவத்துக்கும் 15 என்று வைத்தால், நடைக்கே உயிரைக் கொடுத்துப் பழகிய பிள்ளைக்கும் எங்கே உழைக்க வேண்டும் என்று தெரியும்.

இரண்டாம் செமஸ்டரின் முதல் கட்டுரையில் பழைய தொடக்கம் மீண்டும் எட்டிப் பார்க்கும், குறிப்பாக நேரம் போதாமல் இரவோடு இரவாக எழுதினால். அப்போது புதிதாகப் பாடம் எடுக்க வேண்டாம். முதல் வாரத் தாளையும் புதுத் தாளையும் மூன்று பென்சிலோடு கையில் கொடுத்துவிட்டு, அரை மணி நேரம் கழித்து வாங்குங்கள்.